விளையாட்டும் நியாயமும்: டாக்டர் டாம் வாடெல் சரித்திரம்

விளையாட்டு வேறு, ராஜீயம் வேறு என்று உபதேசிப்போர் உலகமெங்கும் உளர். மைதானத்து வேலிக்கு வெளியே எந்த அநீதி நடந்தாலும் அது வேலிக்கு உள்ளே இருப்போரின் கவலையன்று என்பது அவர்கள் சித்தாந்தம். கேட்பதற்கு இனிய சித்தாந்தந்தான். ஆனால் அதை உரைப்போர் யார், எப்பொழுது உரைக்கின்றனர் என்று சற்றே கவனித்தால் அதன் உட்பொருள் வெளிப்பட்டுவிடும். பலமுள்ளோர் கேட்டபோதெல்லாம் விளையாட்டு ஸ்தாபனங்கள் ராஜீயத்தில் இறங்கியே இருக்கின்றன. பலமற்றோர் வந்து வாசலில் நின்றபோதுதான் அவற்றுக்கு நடுநிலைமை நினைவுக்கு வந்திருக்கிறது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளிலேயே இருமுறை அனுபவித்து அறிந்தவர் அமெரிக்க வீரரும் வைத்தியருமான டாக்டர் டாம் வாடெல். அவர் காலமாகி முப்பது வருஷங்களுக்கு மேல் கடந்துவிட்டன. தன்பால் ஈர்ப்புடையோரைத் தண்டிக்கும் அல்லது தாழ்த்தும் ராஜ்யங்களில் போட்டிகளை நடத்தலாகாது என்று விளையாட்டு ஸ்தாபனங்களை வற்புறுத்தும் இயக்கம் வலுத்திருக்கும் இந்நாளில் அவருடைய சரித்திரத்தை நம் அன்பர்கள் அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

டாம் வாடெல் 1937-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி நியூ ஜெர்ஸி மாநிலத்துப் பாட்டர்ஸன் நகரில், ஜெர்மானிய வம்சத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். அக்குடும்பத்தின் பெயர் ஃப்ளூபாக்கர். அவர் பதின்பருவத்தில் இருந்தபோது பெற்றோர் பிரிந்தனர். பிள்ளைக்கு ஆதரவளித்தவர்கள் அண்டையில் இருந்த ஜீன் வாடெல், ஹேஸல் வாடெல் என்னும் தம்பதிகள். ஒரு காலத்தில் மேடைகளில் கரணவித்தை காட்டிப் பிழைத்தவர்கள் அவர்கள். சிற்றேவல் செய்ய வந்த சிறுவன் அவர்கள் வீட்டிலேயே தங்கி, பின்னர் அவர்களுடைய ஸ்வீகார புத்திரனாகி, அவர்கள் பெயரையே தன் பெயராகக் கொண்டான். உடலைப் பழக்கும் வித்தையில் அவருக்கு உண்டான பற்று அந்த வீட்டின் கொடை.

ஓட்டப் போட்டிகளில் காட்டிய திறமையால் உபகாரச் சம்பளம் பெற்று, மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் சேர்ந்தார். தேகப்பயிற்சி ஆசிரியராக வேண்டுமென்பதே அப்பொழுது அவர் எண்ணம். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் நேர்ந்த விபத்தில் உயிர் நண்பரொருவர் இறந்தார். அந்தத் துக்கம் அவரை வைத்தியப் படிப்பின் பக்கம் திருப்பிற்று. டாக்டர் பட்டம் பெற்ற பின்னரும் அவர் மைதானத்தைக் கைவிடவில்லை. நோயாளியின் படுக்கையும் ஓட்டக்களமும் அவருடைய இரு கர்மபூமிகளாக இறுதிவரையில் இருந்தன.

இவ்வளவும் உலகம் கண்ட வாடெல். உலகத்துக்குக் காட்டாமல் அவர் மனத்துள் மறைத்து வைத்திருந்த ஒன்றும் உண்டு. அவர் தன்பால் ஈர்ப்புடையவர். இதை மறைத்தது கோழைத்தனத்தினால் அன்று. அவர் இளைஞராயிருந்த 1950-களில் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் இவ்வுறவைக் குற்றமாக்கிய சட்டம் அமலில் இருந்தது. 1961-இல் இல்லினாய்ஸ் மாநிலம்தான் முதன்முதலாக அதை நீக்க முற்பட்டது. விளையாட்டு வீரனுக்கோ சட்டத்தினும் கொடியதோர் தண்டனை காத்திருந்தது. உடல் வலிமையே ஆண்மை என்றும், ஆண்மையுள்ளவன் இப்படி இரான் என்றும் பயிற்சியாளரும் சக வீரரும் நம்பியிருந்த காலம் அது. உண்மை வெளிப்பட்டால் வீரன் களத்தைவிட்டே விலக வேண்டியதுதான். ஆகையால் வாடெல் வெற்றிகளைக் குவித்தார், வாய் திறக்கவில்லை.

தம் குறையைப் பேச முடியாதவர் பிறர் குறைக்காகப் பேசத் தொடங்கினார். கறுப்பு மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் அவர் ஈடுபட்டார். 1965-இல் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரத்துக்கும் போய்வந்தார். 1966-இல் கட்டாயச் சேவையின்பேரில் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, வைத்திய அதிகாரியாகவும் பாராசூட் வீரராகவும் பயிற்சி பெற்றார். வியட்நாம் யுத்தத்துக்கு அனுப்பப்படுவோம் என்று தெரிந்ததும் எதிர்ப்புத் தெரிவித்தார். ராணுவ விசாரணை வரும் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு வந்தது வேறு கட்டளை. மெக்ஸிகோ நகர ஒலிம்பிக் பந்தயத்துக்குத் தயாராகுமாறு அதிகாரிகள் அவரை அனுப்பினர்.

1968-இல் நடந்த அப்பந்தயத்தில், டெகாத்லான் என்னும் பத்து அம்சப் போட்டியில் வாடெல் ஆறாவதாக வந்தார். கலந்துகொண்டோர் 33 பேர். வயதோ முப்பதைத் தாண்டப்போகிறது; பயிற்சிக் காலமும் சொற்பம். பத்து அம்சங்களில் ஐந்தில் அதற்குமுன் தாம் எட்டியிராத அளவை எட்டினார். வேறொருவருக்கு இதுவே ஜீவிய முழுமைக்கும் போதிய பெருமையாக இருந்திருக்கும். வாடெலுக்கோ மெக்ஸிகோவில் கிடைத்த பெரிய பாடம் களத்தில் அன்று, பரிசு மேடையில் கிடைத்தது.

அந்த வருஷத்தின் ஆரம்பத்திலேயே ஒலிம்பிக் உலகம் கொந்தளித்திருந்தது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவை மீண்டும் அழைப்பதென்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பிப்ரவரியில் தீர்மானித்தது. ஆப்பிரிக்க தேசங்கள் தாங்கள் வரமாட்டோமென்று அறிவித்தன. பிற தேசங்களும் உடன் சேர்ந்தன. அமெரிக்காவில் பேராசிரியர் ஹாரி எட்வர்ட்ஸ் தலைமையில் கறுப்பு வீரர்களும் பகிஷ்காரத்தைப் பற்றிப் பேசினர். கமிட்டியின் தலைவர் ஏவரி பிரண்டேஜ். 1936-இல் ஹிட்லரின் பெர்லினுக்கு அமெரிக்க வீரர்கள் போகலாகாது என்று எழுந்த கிளர்ச்சியை முறியடிப்பதில் முன்னின்றவர் இவரே. நடுநிலைமையின் பெயரால் அன்று வென்றவர், இம்முறை வெல்ல முடியவில்லை. வருவோர் இன்றிப் பந்தயம் பாழாகும் என்று கண்ட கமிட்டி, ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றது. ஸ்தாபனங்களை மனமிரங்கச் செய்வது நியாயம் மட்டுமன்று. நியாயத்தின் பின்னே திரண்டு நிற்கும் பலமும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அக்டோபரில் 200 மீட்டர் ஓட்டத்தில் பரிசு பெற்ற டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்னும் இரு கறுப்பு வீரர்கள், தேசிய கீதம் ஒலிக்கையில் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நின்றதை உலகம் அறியும். பிரண்டேஜின் நிர்ப்பந்தத்தால் அவ்விருவரும் ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்கள் பக்கம் நின்று வாடெல் பத்திரிகையாளரிடம் பேசினார். அவர் அப்பொழுது ராணுவச் சீருடைக்கு உட்பட்டவர். அவ்வாறு பேசியதற்காக ராணுவ விசாரணை என்ற மிரட்டல் வந்தது. ஒலிம்பிக் ஸ்தாபனம் அநீதியைப் பொறுக்கும், அதைச் சுட்டிக்காட்டும் கையைப் பொறுக்காது என்பதை அவர் நேரிற்கண்டது அப்பொழுதுதான்.

1972-இல் ஹொனலூலுவில் உயரம் தாண்டுகையில் முழங்கால் முறிவுற்றது; அத்துடன் அவருடைய போட்டி வாழ்க்கை முடிந்தது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நகரில் குடியேறி வைத்தியத் தொழிலில் முனைந்தார். 1976-ஆம் வருஷத்து மான்ட்ரியல் ஒலிம்பிக் பந்தயத்துக்கு அவர் சவூதி அரேபிய அணியின் வைத்தியராகப் போனார். எந்தத் தேசத்தின் சட்டம் தம்மைப் போன்றோரைக் கடுந்தண்டனைக்கு உரியவராக்கியதோ, அந்தத் தேசத்து இளைஞரின் காயங்களுக்குக் கட்டுப் போட்டவர் அவர். ஒரு ராஜ்யத்தின் சட்டம் வேறு, அந்த ராஜ்யத்தின் பிள்ளைகள் வேறு என்ற பேதத்தை அவர் உணர்ந்திருந்தார். இப்பேதத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கு நாம் திரும்ப வேண்டியிருக்கிறது.

அதே 1976-இல் அவர் தம் மௌனத்தைக் கலைத்தார். நாடெங்கும் பரவிய சஞ்சிகையொன்றில், தாமும் தம் துணைவரும் இன்னார் என்று மறைவின்றி வெளிப்பட்டார். ஒலிம்பிக் வீரரும் ராணுவத்தில் பணியாற்றிய வைத்தியருமான ஒருவர் இவ்வாறு முன்வந்தது, தாங்கள் மட்டுமே இப்படிப் பிறந்துவிட்டோமோ என்று ஏங்கியிருந்த எத்தனையோ இளைஞருக்குத் தைரியம் அளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இனி, 1980-இல் நிகழ்ந்ததொன்றைச் சொல்ல வேண்டும். சோவியத் சேனை ஆப்கானிஸ்தானத்தில் புகுந்ததை முன்னிட்டு மாஸ்கோ ஒலிம்பிக் பந்தயத்தைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்று அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் விரும்பினார். உப ஜனாதிபதி மாண்டேலே நேரில் சென்று பேச, அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ஏப்ரலில் கூடி அதற்கு இணங்கிற்று. வருஷக்கணக்காகப் பயிற்சி செய்த வீரர்கள் வீட்டிலேயே தங்கினர். அந்தப் பகிஷ்காரம் சரியா, தவறா என்பது இங்கே நம் விசாரணையன்று. சர்க்காரின் விருப்பத்துக்காகத் தன் வீரர்களையே நிறுத்தி வைக்கச் சித்தமாயிருந்த ஸ்தாபனம் இது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

அவ்வருஷத்தில் வாடெலுக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஒலிம்பிக் முறையிலேயே தன்பால் ஈர்ப்புடையோர் முன்னின்று ஒரு பந்தயம் நடத்தினால் என்ன? ஆங்கிலத்தில் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘கே’ என்பது. ஆகவே அதற்கு கே ஒலிம்பிக்ஸ் என்று பெயரிட்டார். கலை, விளையாட்டு இரண்டையும் வளர்ப்பதற்கென ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஒரு சங்கமும் ஏற்பட்டது. அவர் வகுத்த விதிகளைப் பார்த்தால் அம்மனிதரின் உள்ளம் விளங்கும். இன்ன நிறம், இன்ன பால், இன்ன இயல்பு என்ற தடையில்லை. தன்பால் ஈர்ப்பில்லாதவரும் சேரலாம். தகுதிகாண் சுற்று இல்லை. விரும்பிய எவரும் ஓடலாம். பிறனை வெல்வதினும், நேற்றைய தன்னை இன்று வெல்வதே பெருமை. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு பந்தலைப் போட்டு, அதில் எல்லோருக்கும் இடமளித்தார்கள்.

பந்தயம் 1982-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-இல் கெஸார் ஸ்டேடியத்தில் தொடங்குவதாக ஏற்பாடு. மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி கோர்ட்டுக்குச் சென்று தடையுத்தரவு வாங்கிற்று. 1978-இல் காங்கிரஸ் சபை இயற்றிய சட்டத்தின்படி ஒலிம்பிக்ஸ் என்ற சொல் தன் தனியுரிமை என்பது கமிட்டியின் வாதம். சொல்லுக்கு உரிமை கோரியதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஊனமுற்றோருக்கும் போலீஸாருக்கும் இன்னும் பலவகைப் பந்தயங்களுக்கும் அதே சொல் வழங்கியபோது கோபம் கொள்ளாத கமிட்டிக்கு, இந்த ஒரு கூட்டத்தார் அதை உச்சரித்ததும் கோபம் பொங்கியதன் காரணம் யாது? அச்சிட்ட சுவரொட்டிகளிலும் சட்டைகளிலும் அச்சொல்லைத் தொண்டர்கள் அடித்துவிட்டனர். கே கேம்ஸ் என்ற பெயரில் பந்தயம் நடந்தேறிற்று. சுமார் 1,350 பேர் கலந்துகொண்டனர். வழக்கு நின்றபாடில்லை. கோர்ட்டுச் செலவுக்கென 96,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வாடெலின் வீட்டின் மீதே கமிட்டி பாத்தியதை பதியச் செய்தது. தம் தேசத்துக்காக ஒலிம்பிக் களத்தில் ஓடிய வீரரின் கூரையின்மீது அத்தேசத்து ஒலிம்பிக் ஸ்தாபனம் கைவைத்தது.

1986-ஆம் வருஷம் அவருக்குச் சோதனைகள் ஒருங்கே வந்து சேர்ந்தன. ஜூன் 30-ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ஜார்ஜியா மாநிலத்துச் சட்டம் செல்லுமென்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வயது வந்தவர் இருவர் தம் வீட்டினுள் மனமொத்து இருந்ததற்கு இருபது வருஷம் வரையில் சிறைவாசம் விதிக்க இடந்தந்த சட்டம் அது. அப்பொழுது 24 மாநிலங்களில் இத்தகைய சட்டம் இருந்தது. அந்தக் கோடையிலேயே வாடெலுக்கு எய்ட்ஸ் நோய் கண்டிருப்பதும் தெரியவந்தது. ஆகஸ்டில் இரண்டாவது கே கேம்ஸ் நடந்தது. சுமார் 3,500 பேர் திரண்டனர். நிமோனியா காய்ச்சலில் கிடந்து எழுந்த வாடெல் களத்தில் இறங்கி, ஈட்டி எறிதலில் தங்கப் பதக்கம் பெற்றார்.

மறு வருஷம் ஜூன் 25-ஆம் தேதி பெயர் வழக்கின் இறுதித் தீர்ப்பு வந்தது. சொல் கமிட்டியினுடையதே என்றது கோர்ட். கமிட்டி பாரபட்சம் காட்டிற்று என்ற குறைக்கோ, கமிட்டி சர்க்காரின் அங்கமன்று, ஆகவே சமத்துவம் காட்ட வேண்டுமென்ற அரசியல் சாஸன விதி அதைக் கட்டுப்படுத்தாது என்று 5-க்கு 4 கணக்கில் பதில் கூறிற்று. சர்க்கார் கேட்டபோது 1980-இல் மாஸ்கோவைத் துறந்த ஸ்தாபனம், பிரஜைகள் நியாயம் கேட்டபோது 1987-இல் தனியார் ஸ்தாபனமாகிவிட்டது. சட்ட நுணுக்கப்படி இது பொருந்தலாம். சாமானிய அறிவுக்குப் பொருந்தவில்லை. நான்கு நீதிபதிகளுக்கும் பொருந்தவில்லை. தீர்ப்பு வந்து பதினாறு நாள் சென்று, ஜூலை 11-ஆம் தேதி டாக்டர் வாடெல் காலமானார். வயது 49. வயதறியாக் குழந்தையான ஒரு பெண்ணை அவர் விட்டுச் சென்றார். அவர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த நகர வைத்தியசாலைக்குப் பிற்பாடு அவர் பெயரே சூட்டப்பட்டது.

வழக்கில் தோற்று, வீட்டின்மீது கடன் சுமத்தப்பட்டு, நோயில் மடிந்த இந்த வாழ்க்கையில் கண்ட பலன் என்ன என்று சிலர் கேட்கலாம். பலனை அறிய, ஏழு வருஷம் கழித்து அதே ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்ததைப் பார்க்க வேண்டும்.

1996-ஆம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயம் ஜார்ஜியாவின் தலைநகரான அட்லாண்டாவுக்கு அளிக்கப்பட்டிருந்தது. அந்நகரை அடுத்த காப் கவுண்டி என்னும் ஜில்லாவில் சில வாலிபால் ஆட்டங்களை நடத்துவதென ஏற்பாடாயிற்று. 1993 ஆகஸ்டில் அந்த ஜில்லாவின் கமிஷனர்கள், தன்பால் ஈர்ப்புடையோரின் வாழ்க்கை முறை தங்கள் ஊர் ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானம் நிறைவேற்றினர். உடனே அட்லாண்டா வாசிகள் சிலர் ஒன்றுகூடி, ஒலிம்பிக் பந்தயம் காப் ஜில்லாவை விட்டு வெளியேற வேண்டுமென்ற ஒரே கோரிக்கையுடன் கிளம்பினர். கூட்டங்கள் போட்டனர், ஊர்வலம் சென்றனர், பந்தய நிர்வாகக் கமிட்டியின் வாசலை விடாது தட்டினர். பிரஜைகளில் ஒரு பகுதியாரைத் தகாதவர் என்று எழுதி வைத்த மண்ணில், சகல மனிதருக்கும் உரிய பந்தயம் எவ்வாறு நடக்கலாம் என்பதே அவர்களுடைய கேள்வி. நிர்வாகக் கமிட்டிக்கு விடை அகப்படவில்லை. 1994 ஜூலையில் ஆட்டங்களை வேறிடத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. அவை ஏதென்ஸ் என்ற ஊரில் உள்ள ஜார்ஜியா சர்வகலாசாலைக்குச் சென்றன. 1996-இல் ஒலிம்பிக் ஜோதியும் காப் ஜில்லாவைத் தவிர்த்தே சென்றது. அதற்கு முந்திய மாதந்தான், அதாவது 1994 ஜூனில், நியூயார்க்கில் நடந்த கே கேம்ஸ் பந்தயத்தில் 10,000-க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டிருந்தனர். ஒளிந்திருந்த கூட்டத்தை எந்த ஸ்தாபனமும் பொருட்படுத்தாது. வெளியே வந்து அணிவகுத்த கூட்டத்தை எந்த ஸ்தாபனமும் புறக்கணிக்க இயலாது. வாடெல் அவர்களை வெளியே வரச் செய்தவர்களில் ஒருவர். அதுவே பலன்.

காப் ஜில்லாவின் தீர்மானம் அதனால் ரத்தாகிவிடவில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. பகிஷ்காரம் மந்திரமன்று. அது சட்டத்தை உடனே மாற்றாமற் போகலாம். ஆனால் அநீதிக்குக் கிடைக்கவிருந்த மாலையைப் பறித்துவிடும். சில வேளைகளில் சட்டமே வளைவதும் உண்டு. 2016 மார்ச்சில் வட கரோலினா மாநிலம், தன்பால் ஈர்ப்புடையோருக்கும் திருநருக்கும் நகர சபைகள் அளிக்கும் பாதுகாப்பைத் தடுத்துச் சட்டமியற்றிற்று. தேசிய கூடைப்பந்துச் சங்கம் 2017-ஆம் வருஷத்து நட்சத்திர ஆட்டத்தை ஷார்லெட் நகரிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றிற்று. கல்லூரி விளையாட்டுச் சங்கமும் தன் போட்டிகளை வேறு மாநிலங்களுக்கு எடுத்துச் சென்றது. 2017 மார்ச்சில் அம்மாநிலம் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதிலும் குறை வைத்தது. நகர சபைகளின் கையை 2020 டிசம்பர் வரையில் கட்டியே வைத்தது. ஆயினும் பந்து உருளுவதை நிறுத்தினால் சட்டசபையும் அசையும் என்பது நிரூபணமாயிற்று.

இதற்கு மாறான காட்சிகளும் உள. ருஷியா 2013-இல் இத்தகைய உறவுகளைப் பற்றிச் சிறுவர் அறியப் பேசுவதையே குற்றமாக்கிற்று. சோச்சி நகரத்துக் குளிர்காலப் பந்தயத்தை மாற்றுமாறு பலர் கோரியும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அசையவில்லை. 2014 பிப்ரவரியில் பந்தயம் நடந்தது. ஆனால் அந்தக் கூக்குரலின் விளைவாக, அவ்வருஷம் டிசம்பரில் பாலியல் நாட்டம் காரணமாகப் பேதம் காட்டலாகாது என்ற வாசகம் ஒலிம்பிக் சாஸனத்தில் சேர்க்கப்பட்டது. 2022-இல் கத்தார் தேசத்து உலகக் கால்பந்துப் போட்டியிலோ, ஐரோப்பிய அணித் தலைவர்கள் ஏழு பேர் ஒரு வர்ணக் கைப்பட்டை அணிய எண்ணியதற்கே மஞ்சள் அட்டை காட்டுவோமென்று சர்வதேசக் கால்பந்துச் சங்கம் மிரட்டிற்று. பட்டைகள் பெட்டிக்குள் சென்றன. மெக்ஸிகோவில் உயர்ந்த கையை அடக்கியவர்களின் பரம்பரை அற்றுப்போகவில்லை.

பகிஷ்காரத்தால் குற்றமற்ற வீரர்களும் அந்த ராஜ்யத்துச் சாதாரண ஜனங்களுமே கஷ்டப்படுவர் என்று ஆட்சேபிப்போர் உண்டு. இது அலட்சியம் செய்யத்தக்க ஆட்சேபமன்று. 1980-இல் மாஸ்கோவுக்குப் போகாத வீரர்கள் இழந்த வாய்ப்பு அவர்களுக்குத் திரும்ப வரவில்லை. ஆகவே பகிஷ்காரத்திலும் விவேகம் வேண்டும். இங்கேதான் சவூதி இளைஞருக்கு வைத்தியம் பார்த்த வாடெலை நினைவுகூருகிறோம். வீரனைத் தடுப்பது ஒன்று. பந்தயத்தை இடம் மாற்றுவது மற்றொன்று. காப் ஜில்லாவிலிருந்து ஆட்டத்தை மாற்றியபோது எந்த வீராங்கனைக்கும் வாய்ப்புப் போகவில்லை; ஷார்லெட்டிலிருந்து மாற்றியபோது எந்த வீரனும் ஆட்டத்தை இழக்கவில்லை. இழந்தவை ஆட்சியாளரின் கீர்த்தியும் வருவாயும் மட்டுமே. எந்த ராஜ்யத்தின் வீரனும் எங்கும் வந்து விளையாடட்டும். அநீதியான சட்டமுள்ள ராஜ்யத்துக்கு விருந்தளிக்கும் கௌரவம் மட்டும் வேண்டாம். இவ்வரையறையை மேற்கொண்டால் ஆட்சேபத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

அயலார் விவகாரத்தில் தலையிடலாமா என்று கேட்போருக்கும் ஒரு வார்த்தை. ஜார்ஜியாவின் சட்டமும் ஆங்கிலேயர் 1860-இல் நம் தண்டனைச் சட்டத்தில் புகுத்திய 377-ஆம் பிரிவும் ஒரே ஆங்கிலச் சட்டமரபின் சந்ததிகள். கப்பலேறி வந்த சட்டத்துக்கு எதிராக நியாயமும் கப்பலேறி வருவதில் பிசகில்லை. நம் சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி வயது வந்தோரின் சம்மத உறவை அப்பிரிவிலிருந்து விடுவித்தது. ஜார்ஜியாவின் சட்டத்தை 1998-இல் அம்மாநிலத்துக் கோர்ட்டே தள்ளிவிட்டது. அமெரிக்கா முழுவதற்கும் 2003-இல் விடுதலை கிடைத்தது.

காலம் எவ்வாறு கணக்குத் தீர்க்கிறது என்பதையும் கூறி முடிக்கிறோம். ஜார்ஜியா வழக்கில் ஐந்தாவது வாக்கை அளித்து, மறு வருஷம் வாடெலுக்கு எதிரான தீர்ப்பையும் எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவெல். பதவியை விட்ட பின், 1990-இல், ஜார்ஜியா வழக்கில் தாம் அளித்த வாக்குப் பிழை என்று அவரே ஒப்புக்கொண்டார். வாடெலுக்கு எதிராக ஒலிம்பிக் கமிட்டிக்கு வாதாடிய வக்கீல் வான் வாக்கர். அவர் பின்னர் நீதிபதியாகி, தன்பால் ஈர்ப்புடையோரின் விவாகத்துக்குக் கலிபோர்னியா விதித்த தடையை 2010-இல் செல்லாதென்று தீர்ப்பளித்தார். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் தாமும் அவ்வியல்பினரே என்று வெளியிட்டார். வாடெலைத் தோற்கடித்த கைகளே வாடெலின் பக்கம் திரும்பின. மனிதர் மாறுகிறார்கள் என்ற நம்பிக்கையைத்தான் கிளர்ச்சி செய்வோர் எல்லோரும் மூலதனமாகக் கொண்டிருக்கிறார்கள்.

ஸ்தாபனங்கள் தாமாக நியாயத்தைத் தேடிச் செல்லுவதில்லை. நியாயம் அவற்றின் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும், நின்று கொண்டே இருக்க வேண்டும். எந்த ஊரில் பந்தயம் நடத்துவது என்று முடிவு செய்யும்போதே ஒவ்வொரு விளையாட்டுச் சங்கமும் ஒரு தீர்ப்பு எழுதுகிறது. அந்தத் தீர்ப்பை எழுதும் கை சர்க்காரின் சொல்லுக்கு மட்டும் நடுங்குமா, பிரஜைகளின் சொல்லுக்கும் செவிசாய்க்குமா என்பது பிரஜைகளின் உறுதியைப் பொறுத்தது. பொது வாழ்வில் ஈடுபட்டிருக்கும் நம் அன்பர்கள், வெற்றி காணாமலே கண்மூடிய இந்த வீரரின் பொறுமையைத் தங்கள் பொறுமையாகக் கொள்வார்களாக.